சிங்கப்பூர் டிக்கெட் 9,000 ரூபாய், பெட்டிக்கு எவ்வளவு? கோவையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு நான்கு வழிகள்

கோபியிலிருந்து தெரிந்த அக்கா ஒருவர் போன் செய்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு இது பிரசவ மாதம். "ஏனுங் தம்பி, டிக்கெட்டு ஒம்பதாயிரம்னு காட்டுது. பெட்டிக்குத் தனியாக் காசுங்கறாங்க. கொச்சி போயி ஏறுனா முப்பது கிலோ சும்மாவே கொண்டு போலாமாமா. எதுங் லாபம்?"

போன மாதத்தில் இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆள் அவர். அதனால் மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து சிங்கப்பூருக்கு சில்க் ஏர் பறந்த காலத்தில் டிக்கெட்டுக்குள்ளேயே சாப்பாடும் பெட்டியும் அடக்கம். அந்த இடத்துக்கு அதே குழுமத்தின் மலிவு விமானமான ஸ்கூட் வந்த பிறகு அடிப்படைக் கட்டணத்தில் கிடைப்பது ஓர் இருக்கையும் 10 கிலோ கைப்பையும்தான். ஷார்ஜாவுக்குப் பறக்கும் ஏர் அரேபியாவிலும் கைப்பை 10 கிலோ, பெட்டிக்குத் தனி விலை. உள்நாட்டிலும் இதே போக்கு வந்துவிட்டது. பெட்டி இல்லாத பயணிக்குக் கட்டணத்தைக் குறைத்து விற்கலாம் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2021இல் அனுமதி கொடுத்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'லைட்' டிக்கெட் அந்த வகைதான். இண்டிகோவின் சாதாரண டிக்கெட்டில் இன்றும் 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் உண்டு.

ஈரோட்டு பஸ்ஸில் மஞ்சள் மூட்டையோடு ஏறினால் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிப்பார். நாமும் நாலு வார்த்தை பேசிப் பார்ப்போம், அவரும் கொஞ்சம் இறங்கி வருவார். விமான நிலையக் கவுண்டரில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. தராசு சொல்வதுதான் கணக்கு. நம்மவர்கள் ஏமாந்து நிற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் எதை வைத்து அளப்பது

டிக்கெட் விலையை ஒப்பிட ஆரம்பிக்கும் முன் தராசை எடுங்கள். கொக்கித் தராசு இல்லையென்றால் உடல் எடை பார்க்கும் மெஷின் போதும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, வெறுங்கையோடு ஒரு முறை ஏறி நின்று வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலிப் பெட்டியையும் தனியாக நிறுத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு வந்த பெரிய கெட்டி டிராலி காலியாகவே 4 கிலோவைத் தாண்டும். 20 கிலோவுக்குக் காசு கட்டி அதில் 4 கிலோ பிளாஸ்டிக்கைச் சுமந்து போகிறோம்.

அப்புறம் நான் பார்ப்பவை இவை.

போகும்போது எவ்வளவு, வரும்போது எவ்வளவு? இரண்டும் ஒன்றாக இருப்பதே இல்லை. பிரசவத்துக்குப் போகும் அம்மாவிடம் போகையில்தான் பாரம். திரும்பும்போது சாக்லேட்டும் தைலமும்தான். பெட்டிக்கான காசை ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாகக் கட்டலாம். இது தெரியாமல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவை வாங்கிப் பணத்தை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

என்ன பொருள்? நெய், ஊறுகாய், தேன், தேங்காய் எண்ணெய் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கு. பன்னாட்டுப் பயணத்தில் கைப்பைக்குள் ஒரு புட்டி 100 மில்லிக்கு மேல் போகக்கூடாது. அப்படியானால் ஊத்துக்குளி நெய் கொண்டு போகிற யாருக்கும் வெறும் கைப்பை டிக்கெட் ஆகாது.

போகிறது யார்? ஐடி வேலைக்குப் போகும் பையனா, முதல் தடவை விமானம் ஏறும் அம்மாவா? கடைசியாக, எத்தனை தலை? கொச்சிக் கணக்கு முழுக்க இதில்தான் நிற்கிறது.

வழி 1: வெறும் கைப்பை

10 கிலோ என்பது ஒரு பைக்கு இல்லை, கையில் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. தோள்பை, மடிக்கணினி எல்லாம் அதற்குள்தான். அளவும் பார்ப்பார்கள். ஸ்கூட்டில் 54 × 38 × 23 சென்டிமீட்டர். உள்நாட்டு விமானங்களில் 7 கிலோ, ஒரே பை, அதோடு பெண்களின் கைப்பையோ மடிக்கணினிப் பையோ. கடைசி நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் "இதை மட்டும் குடுத்துருங்க கண்ணு" என்று திணிக்கும் மஞ்சப்பையும் ஒரு பைதான்.

சேலம் காமலாபுரத்திலிருந்து ஏடிஆர் வகைச் சிறு விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தலைக்கு மேலிருக்கும் அடுக்கு சின்னது. எடை சரியாகவே இருந்தாலும் டிராலியை ஏணிப்படிக்குப் பக்கத்தில் வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடுவார்கள். பவர் பேங்க் வைத்திருந்தால் அதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், அது கைவசம்தான் இருக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை தடையில்லை. கடையில் விற்கும் 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட்-அவர்தான், கவலை வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு மகனைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு இந்த வழி போதும். திருப்பூரிலிருந்து வாங்குபவரைப் பார்க்கப் போகும் மெர்ச்சண்டைசருக்குப் போதாது. சாம்பிள் டீ-ஷர்ட் ஒன்று 150 கிராம் என்று வைத்தாலும் 40 உருப்படியிலேயே 6 கிலோ போய்விடும்.

வழி 2: முன்கூட்டியே காசு கட்டிய பெட்டி

மலிவு விமானங்களில் பெட்டிக்கு மூன்று விலை உண்டு. டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் ஒன்று, பிறகு இணையத்தில் சேர்த்தால் ஒன்று, கவுண்டரில் நின்று கட்டினால் ஒன்று. முதலாவதுதான் குறைவு, கடைசியில் கேட்பதுதான் அடி. கிலோ கணக்கில் தீட்டிவிடுவார்கள்.

"அங்க போயிப் பாத்துக்கலாம்" என்ற பேச்சுதான் நம் பக்கம் அதிகம் செலவு வைக்கிறது. எங்கள் வீட்டிலேயே நடந்தது. தங்கையின் பிரசவத்துக்கு அம்மாவை ஏற்றிவிடப் போனோம். 20 கிலோவுக்குக் காசு கட்டியிருந்தோம், பெட்டி 23.8 காட்டியது. கையில் தனியாக இரண்டு பை. "அதெல்லாம் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க கண்ணு, நாலு கிலோ எச்சானா என்ன" என்று முந்தின நாள் சொன்னவர் எங்கள் பெரியப்பா. அவர் அன்றைக்கு வரவில்லை.

கவுண்டருக்குப் பக்கத்தில் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். கம்பு மாவு, கொள்ளு, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. சந்தகை அச்சை மட்டும் விடவே மாட்டேன் என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். எங்களுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்படியும் 2 கிலோ எச்சு நின்றது, கட்டினோம். அந்த 2 கிலோவுக்குக் கொடுத்ததோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து முதலிலேயே கட்டியிருந்தால் 30 கிலோவே வாங்கியிருக்கலாம். பெட்டியில் வைக்கவேண்டிய நெய்த் தூக்குப்போசியை அவசரத்தில் கைப்பையில் வைத்துவிட்டோம். அது பாதுகாப்புச் சோதனையில் போனது. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. விதி எழுதித்தான் இருந்தது, நாங்கள்தான் படிக்கவில்லை. ஆனாலும் அறுபது வயதுக்காரர் தரையில் உட்கார்ந்து கொள்ளுப் பொட்டலத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு நாற்காலியாவது காட்டியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கு இது: வீட்டுத் தராசு காட்டுவதோடு 2 கிலோ சேர்த்து, அதற்கு அடுத்த படியை வாங்குவது. பெட்டி 22 காட்டினால் 25 இல்லாவிட்டால் 30. ஒரே பெட்டியில் 32 கிலோவுக்கு மேல் எந்த நிறுவனமும் ஏற்றாது, ஏனென்றால் கீழே அதைத் தூக்குகிறவரும் மனிதர்தான். 40 கிலோவுக்குக் காசு கட்டினால் இரண்டு பெட்டியாகப் பிரித்தாக வேண்டும்.

இன்னொரு குழியும் உண்டு. கோவை–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–சிங்கப்பூர் வேறு நிறுவனத்தில் வேறு டிக்கெட் என்று சல்லிசாகப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள்நாட்டுத் துண்டுக்கு 15 கிலோ விதிதான். சிங்கப்பூருக்கு 30 கிலோ வாங்கியிருந்தாலும் பீளமேட்டிலேயே எச்சு எடைக்குக் கட்ட வேண்டும். சென்னையில் பெட்டியை எடுத்து மறுபடி வரிசையில் நிற்பது தனி. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். வயதானவர்களுக்கு இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

வழி 3: கொச்சியோ திருச்சியோ போய் ஏறுவது

கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரியிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நேராகப் போகிறது. சாதாரண வகுப்பு டிக்கெட்டிலேயே 25 கிலோவுக்குக் குறையாத பெட்டி, சாப்பாடு எல்லாம் உண்டு. வளைகுடா போகிறவர்களுக்கு எமிரேட்ஸ், எதிஹாட் போன்றவை அங்கே இருக்கின்றன. பாலக்காடு–திருச்சூர் சாலையில் குதிரான் சுரங்கம் திறந்த பிறகு பாதையும் பரவாயில்லை. கோவையிலிருந்து 170 கிலோமீட்டர் போல.

கரூர், நாமக்கல் பக்கத்துக்காரர்கள் கோவையையும் கொச்சியையும் விட்டுவிட்டு முதலில் திருச்சியைப் பார்க்க வேண்டும். கரூரிலிருந்து திருச்சி ஒன்றரை மணி நேரம்தான். சிங்கப்பூருக்கு நேர் விமானங்கள் உண்டு, கொழும்பு வழியாக ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் உண்டு.

சரி, கணக்கு. இந்த எண்களை விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டேன். உங்கள் தேதிக்குரிய விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கோவை மலிவு டிக்கெட் 9,000, 30 கிலோ பெட்டி 4,500, ஆக ஓர் ஆளுக்கு 13,500. கொச்சியில் பெட்டியோடு டிக்கெட் 11,500, போய்ச்சேர கார் வாடகை 5,500.

ஒருவர் போனால் கோவையில் 13,500, கொச்சியில் 17,000. கொச்சி நஷ்டம். மூன்று பேர் மூன்று பெட்டியோடு போனால் கோவையில் 40,500, கொச்சியில் 40,000. அங்கே தராசு சாய்கிறது. காரில் ஒருவர் போனாலும் மூவர் போனாலும் வாடகை ஒன்றுதான், பெட்டிக் காசோ தலைக்குத் தலை ஏறுகிறது. அதே மூவரில் ஒருவருக்கு மட்டும் பெட்டி போதும் என்றால் கோவையில் 31,500தான். கொச்சி பக்கம் போகவே வேண்டாம்.

இதில் சேராத செலவுகள் இருக்கின்றன. வழியனுப்ப ஒரு டெம்போ டிராவலர் நிறைய ஆள் வருவது நம் வழக்கம். பீளமேடு என்றால் வழியனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். கொச்சி என்றால் டோல், வழியில் சாப்பாடு, ஓட்டுநருக்கு இரவுப் படி. திரும்பி வரும் நாளில் மறுபடி ஒரு கார். ராத்திரி விமானத்தில் இறங்கி அங்கமாலியில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து விடியற்காலையில் வீடு வந்து சேரும் அலுப்புக்கு என்ன விலை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. முட்டிவலி இருக்கும் அம்மாவுக்கு அதுவே பெரிய காரணம்.

வழி 4: ஆள் சும்மா போகட்டும், பொருள் பார்சலில் போகட்டும்

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கூரியர்காரர்களுக்கு இரண்டு தராசு. ஒன்று நிஜ எடை. இன்னொன்று இடக் கணக்கு: நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள். இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 60 × 40 × 40 அட்டைப்பெட்டி நிறைய முறுக்கு 6 கிலோதான் இருக்கும். அதற்கு 19.2 கிலோவுக்குக் கட்ட வேண்டும். சென்னிமலைப் போர்வை, குழந்தைக்கு மெத்தை, பழைய நூல் சேலைகள் எல்லாம் இந்தக் கணக்கில் மாட்டும். விமானப் பெட்டியில் எடைதான் பேச்சு, அளவு வரம்புக்குள் இருந்தால் போதும். அதனால் பஞ்சு போன்றது பெட்டிக்கு, கல் போன்றது பார்சலுக்கு. கல் என்றால் கிரைண்டர்தான். புவிசார் குறியீடு வாங்கிய நம் கோயம்புத்தூர் கிரைண்டரின் மேசை வகையே 11, 12 கிலோ வரும். ஆனால் சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் நம் ஊர் கிரைண்டரே விற்கிறார்கள். இட்லி அரிசி, ராகி மாவு, நல்லெண்ணெய் எல்லாம் அங்கே கிடைக்கின்றன. அங்கே கிடைக்காதவற்றை மட்டும் கட்டினால் பாதி எடை குறைந்துவிடும். வீட்டில் அரைத்த மல்லித்தூள், பிரசவ லேகியம், அந்த நூல் சேலைகள், இவ்வளவுதான்.

இடம்பெயர்ந்து குடும்பத்தோடு போகிறவர்களுக்குப் பார்சல் பயன்படும். மற்றவர்களுக்கு அபூர்வம்.

எந்த வழியிலும் போகக்கூடாதவை

காங்கேயம், வெள்ளகோவில், பொள்ளாச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டியது கொப்பரை. எண்ணெய் ஊறிய அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் வகையில் வருவதால் பெட்டியிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தில் மாட்டும். குருமா மசாலாவில் கலந்திருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள். உப்புக்கண்டமும் மட்டன் ஊறுகாயும் சிங்கப்பூருக்குள் நுழைய முடியாது. அம்மிச்சியின் வெற்றிலைப் பையில் இருக்கும் புகையிலையும் அப்படித்தான்.

ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு கொண்டு போகலாம் | கண்ணுக்குத் தெரியாத செலவு | யாருக்கு |
|---|---|---|---|
| வெறும் கைப்பை | 10 கிலோ, உள்நாட்டில் 7 | ஒரு கிலோ எச்சானாலும் கவுண்டர் விலை | ஒரு வாரத்துக்குப் போய்வருகிறவர் |
| முன்பே வாங்கிய பெட்டி | 20 முதல் 40 கிலோ | காலிப் பெட்டியின் எடை, தேவையில்லாத திரும்பும் பெட்டி | தனியாகப் போகும் பெற்றோர், பெரும்பாலான நம்மவர்கள் |
| கொச்சி, திருச்சி | 25 கிலோவும் அதற்கு மேலும் | இரண்டு பக்கக் கார், அலுப்பு | ஆளுக்கொரு பெட்டியோடு மூவரும் அதற்கு மேலும், கரூர்–நாமக்கல்காரர் |
| பார்சல் | வேண்டிய அளவு | இடக் கணக்கு எடை | குடிபெயர்கிறவர் |

உள்நாட்டுக்கு இவ்வளவு யோசனை வேண்டாம். சென்னைக்கு மூட்டை முடிச்சோடு போகிறவர் சேரன் எக்ஸ்பிரஸில் படுத்துவிடலாம். படுக்கை வகுப்பில் ஆளுக்கு 40 கிலோ இலவசம், இரண்டடுக்கு ஏசியில் 50.

எந்த வழியாக இருந்தாலும், பெட்டியைக் கட்டி முடித்ததும் திறந்தபடி ஒரு படம், மூடியபடி ஒரு படம் எடுத்து வையுங்கள். பெட்டி வந்து சேரவில்லை, உடைந்துவிட்டது என்றால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே புகார்ச் சீட்டு எழுதி வாங்குங்கள். இந்தியாவும் சிங்கப்பூரும் ஏற்றிருக்கும் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும் தாமதத்துக்கு, பெட்டி கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். மலிவு டிக்கெட் என்பதால் இந்த உரிமை குறைந்துவிடாது. இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

கோபி அக்கா கடைசியில் போகும்போது 30 கிலோவும் வரும்போது 20 கிலோவும் வாங்கினார், கோவையிலிருந்தேதான். மருமகனுடைய அம்மா அப்பாவும் கூடவே கிளம்பியிருந்தால் கொச்சிக் கணக்கைப் போட்டிருப்போம். பெட்டி 27.6 காட்டியது. வாங்கி வைத்த கிரைண்டர் மட்டும் அட்டைப்பெட்டியோடு வீட்டு ஆசாரத்தில் இருக்கிறதாம். "அடுத்த தடவ மாமாவும் வருவாருங், அப்பக் கொண்டு போறேன்" என்கிறார்.